மருமகன் என்று சொல்லாத வீட்டிலிருந்து

அன்பு மகன் நிஸ்தாருக்கு,

முதலில் சலாம், பிறகு திட்டு. நேற்றுப் பகல் நீ சோறு தின்றுகொண்டிருந்தபோது நான் ஒரு கதை தொடங்கினேன். நீ மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, "உம்மா, அந்த ஆஸ்பத்திரிக் கதைய இன்னும் எத்தின தரம் சொல்லப் போறீங்க?" என்று கேட்டாய். உன் ராத்தா பர்வீன் சிரித்தாள். உன் வாப்பா, இந்த வீட்டுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி, மிச்சமிருந்த மீன் துண்டை எடுத்துத் தன் தட்டில் வைத்துக்கொண்டார். வாயால் சொன்னால் நீ எழும்பிப் போய்விடுவாய் என்பதால்தான் எழுதுகிறேன். கடதாசியைப் பார்த்து "போதும்" என்று உன்னால் சொல்ல முடியாது. சொன்னாலும் அது நிறுத்தாது.

வருகிற வெள்ளிக்கிழமை கழிந்தால் நீ முசலிப் பக்கம் மாப்பிள்ளையாகப் போகிறாய். நம்மில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவது. மற்றச் சனத்தில் மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத் தாய் அழுவாள். நம்மில் மகனைப் பெற்றவளுக்கும் அந்த அழுகை வந்து சேர்கிறது. பெற்றவள் என்று எழுதிவிட்டேன். எழுதியதை அழிக்கமாட்டேன், இருக்கட்டும். நாங்கள் உடுத்த உடுப்போடு தோணியேறி விட்டு வந்த மன்னார்க் கரைக்கே நீ புதுச் சட்டை போட்டுக்கொண்டு போகிறாய் என்பதில் எனக்கு உள்ளூரப் பெருமைதான். ஆனால் ஆலங்குடாவில் வெள்ளைக்காரருக்குப் பட்டம் பிடித்துக் கடலில் ஓடக் கற்றுக்கொடுக்கிற நீ, வயல் செய்கிற குடும்பத்தில் போய் என்ன செய்யப்போகிறாயோ தெரியவில்லை. முதல் மாதம் மாமியார் வைத்ததைத் தின்னு. "எங்கட உம்மா ஆக்கிற மாதிரி இல்ல" என்ற பேச்சு உன் வாயிலிருந்து வரக்கூடாது, அது எவ்வளவுதான் உண்மையாக இருந்தாலும்.

நீ எப்படி எனக்கு மகனானாய் என்பதைத் துண்டு துண்டாகக் கேட்டிருக்கிறாய். ஒரே இருப்பில் யாரும் உனக்குச் சொன்னதில்லை. தொண்ணூறில் இயக்கத்தார் துவக்கோடு வந்து முஸ்லிம் சனம் எல்லோரையும் மன்னாரை விட்டு வெளியேறச் சொன்னபோது பர்வீன் என் இடுப்பில் இருந்தாள், தவழத் தொடங்காத பிள்ளை. என் கூடப்பிறந்த நானா, அவர் மனைவி பரீதா, உன் வாப்பா, நான், எல்லோரும் ஒரே தோணியில்தான் கல்பிட்டிக்கு வந்து சேர்ந்தோம். பரீதா மதினி உன்னைப் பெற்று இன்னும் உடம்பு தேறவில்லை. மழைக்காலக் கடல். அவளுக்குக் குளிரும் காய்ச்சலும் தோணியிலேயே தொடங்கிவிட்டன. முகாமில் கிடுகுக் கொட்டில் கட்டி முடிப்பதற்குள் அவள் மௌத்தாகிவிட்டாள். உன்னைச் சாரத்தில் சுற்றிக்கொண்டு நானா என் கொட்டில் வாசலில் வந்து நின்றார். ஒரு வார்த்தை பேசவில்லை. நீதான் பேசினாய், பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம். பசியில் குரல் வற்றிப்போயிருந்தது.

அப்போது பக்கத்துக் கொட்டிலில் இருந்த ஒரு வயதான பொம்பிளை என் கையைப் பிடித்துத் தடுத்தாள். கெட்டவள் இல்லை, அனுபவப்பட்டவள். "யோசிச்சு செய் புள்ள. நீ பொட்டப்புள்ளய வச்சிரிக்கிற. நானாட மகன், மருமகன் தன்ட காலால நடந்து வந்த மாதிரி வந்திரிக்கான். இப்ப பாலக் குடுத்தியென்டா ரெண்டும் கூடப்பிறந்த மாதிரி ஆயிடும். பொறவு கலியாணம் செய்யேலாது. மாட்டுப்பாலக் கரைச்சு ஊத்து" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஒருத்தி பால் குடித்த பிள்ளைகள் அக்கா தம்பி. அதை மாற்ற எந்த லெப்பையாலும் முடியாது. எல்லாவற்றையும் இழந்து வந்த சனத்துக்குச் சொந்தத்துக்குள் ஒரு மாப்பிள்ளை என்பது காணிக்குச் சமம். ஆனால் முகாமில் மாட்டுக்கு எங்கே போவது? "மருமகன் வேற ஒருத்தன் கிடைப்பான், இவன் இப்ப சாகப் போறான்" என்று சொல்லிக்கொண்டே உன்னை வாங்கி மடியில் போட்டேன். நீ குடித்த குடியில் எனக்குக் கண்ணீர் வந்தது. பாசத்தில் வந்த கண்ணீர் என்று நினைத்துவிடாதே, நோவு.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டேன். இந்த வீட்டில் யாரும் உன்னை மருமகன் என்று சொல்லக்கூடாது. பர்வீனுக்கு நீ மச்சான் இல்லை, தம்பி. உனக்கு நான் மாமி இல்லை, உம்மா. ஏன் அவ்வளவு கடுமை என்றால், சனத்தின் வாய் எனக்குத் தெரியும். இன்றைக்குப் பகிடிக்கு மச்சான் என்பார்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் அந்தப் பகிடி மனதில் போய் உட்கார்ந்துவிடும், ஹராமான ஒன்றுக்கு நானே வழி செய்தவளாவேன். ஒருமுறை மீன் விற்க வந்தவன் பள்ளிக்கூடம் விட்டு வந்த பர்வீனைப் பார்த்து, "மச்சான் முன்னுக்குப் போறான், நீ பின்னுக்கு வாறா" என்று சொல்லிவிட்டான். விளக்குமாற்றோடு அவனைச் சந்திவரை துரத்தினேன். அதன்பிறகு ஊரில் யாருக்கும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. உன் சொந்த வாப்பாவைக்கூட நீ "லொறி வாப்பா" என்றாய், அவர் லொறி ஓட்டியதால். வீட்டில் இருந்தவர் வெறும் வாப்பா. நானா வரும்போதெல்லாம் உனக்குப் பாணும் வாழைப்பழமும் கொண்டுவந்து தருவார், உன் தலையைத் தடவுவார், திரும்பிப் போவார். அவர் வேறு கலியாணம் செய்யவில்லை. கடைசியில் சீனி வருத்தம் அவரைக் கொண்டுபோனது. அவரை அடக்கிய நாளில்கூட, வந்தவர்களிடம் நான் "என்ட நானா, என்ட மகன்" என்று தனித்தனியாகத்தான் சொன்னேனே தவிர, இரண்டையும் சேர்த்து ஒரு வசனமாகச் சொல்லவில்லை.

இனி எனக்கு வந்த நோய்க்கு வருகிறேன். முகத்தைச் சுளிக்காதே, நீயே கதாநாயகன். முதலில் கையில் நீலம் நீலமாகக் கண்டல்கள் வந்தன. பல் துலக்கும்போது இரத்தம். படி ஏறினால் மூச்சு வாங்கியது. நான் நீளக் கைச் சட்டை போட்டு மறைத்தேன், ஏனென்றால் பர்வீனுக்கு அப்போது பிள்ளை கிடைத்திருந்த நேரம், வீட்டில் ஆள் தேவை. இது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று உனக்குத் தெரியும். உன் மனைவி "ஒன்றுமில்லை" என்று சொன்னால் நம்பாதே. பொம்பிளைகளின் ஒன்றுமில்லைக்குள் ஆயிரம் இருக்கும். கையைப் பிடித்துச் சட்டையை மடித்துப் பார். புத்தளத்தில் இரத்தம் சோதித்த அன்றைக்கே கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். இரத்தப் புற்றுநோய், அதிலும் வேகமாகப் போகிற வகை. மருந்து ஏற்றினார்கள். தலைமயிர் போனது, வாயெல்லாம் புண், ஆனால் நோய் அடங்கியது. வீட்டுக்கு வந்து ஒரு பெருநாள் கொண்டாடினோம். அடுத்த சோதனையில் திரும்ப வந்துவிட்டது. மருந்துக்குப் படியாத நோய் என்றார்கள்.

டொக்டர் நல்ல பெண், சிங்களவர், நம் பேச்சில் "சாப்பிட்டதா, நித்திரை கொண்டதா" என்ற அளவுக்குத் தெரியும். மீதியை நீதான் சொன்னாய். சிலாபத்து முதலாளிகளோடு வள்ளத்தில் நின்று படித்த சிங்களம் அன்றைக்கு உதவியது. வேறொருவரின் எலும்புக்குள் இருக்கிற என்பு மச்சையில் ஊறி, புது இரத்தம் உண்டாக்குகிற மூலக் கலங்களை எனக்கு ஏற்றினால்தான் வழி என்றார். எல்லாம் பொருந்துகிற ஆள் கூடப்பிறந்தவர்களில் கிடைக்கலாம், எனக்கு அப்படி யாரும் உயிரோடு இல்லை. ஆனால் இப்போது பாதி பொருந்தினாலும் செய்யலாம், பிள்ளைகள் எப்போதும் தாய்க்குப் பாதி பொருந்துவார்கள் என்றார். எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். இரண்டு என்றேன். பிறகு, பொய் சொல்லக்கூடாதென்று, "மகன் நான் பெத்தது இல்ல, பால் குடுத்து வளத்தது" என்றும் சொன்னேன். நீ அதையும் சிங்களத்தில் சொன்னாய். அவர் தலையை ஆட்டி ஏதோ சொன்னார். நீ என் பக்கம் திரும்பினாய்.

"பால் இதுக்குக் கணக்கில்லையாம் உம்மா. இரத்தம்தான் வேணுமாம்" என்றாய். ஏதோ பஸ் போய்விட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாய். பிறகு தேத்தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே போனாய், தேத்தண்ணி குடிக்காமல் வந்தாய். உன்னைக் கழித்துவிட்ட செய்தியை உன் வாயாலேயே எனக்குச் சொல்லவைத்த நாள் அது. அன்றைக்கு உன்னைக் கூப்பிட்டு அணைத்திருக்க வேண்டும். கையில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது.

பர்வீனுக்குச் சோதித்தார்கள். பாதி பொருந்தியது. உன் ராத்தா ஆஸ்பத்திரியையே விலைக்கு வாங்கியவள் மாதிரி நடந்தாள். "உம்மா, இனி என்ன ஏசுறதென்டா யோசிச்சு ஏசுங்க" என்றாள். தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நானும் பழமொழி சொன்னேன். அந்தத் தசை எப்படி ஆடியது என்று பிறகுதான் தெரிந்தது. இன்னொரு சோதனை வந்தது. அதில், பர்வீனின் கலங்களை ஏற்றினால் என் உடம்பு அவற்றை அடித்துத் துரத்திவிடும் என்று தெரிந்தது. பிள்ளை வயிற்றில் இருக்கும்போது அதில் பாதி தகப்பனுடையது அல்லவா, அந்தப் பாதியைத் தாயின் உடம்பு அந்நியன் என்று அடையாளம் கண்டு எதிர்ப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளுமாம். பெரும்பாலும் அது காலத்தோடு குறைந்துபோகும். என்னில் பலமாக அப்படியே இருந்தது. நீ இதைச் சொல்லி முடித்ததும், மூலையில் கதிரையில் இருந்த உன் வாப்பா நிமிர்ந்து, "நான் என்னத்தச் செஞ்சன்?" என்று கேட்டார். வாழ்நாள் முழுக்க அவரோடு போட்ட சண்டையெல்லாம் என் இரத்தத்தில் பதிவாகியிருக்கிறது என்று நினைத்து அந்த நேரத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. டொக்டர் சிரிக்கவில்லை. எதிர்ப்பைக் குறைக்க வழி உண்டு, ஆனால் நோய் அதுவரை காத்திருக்குமா என்பது சந்தேகம் என்றார். சுமந்து பெற்ற பிள்ளையின் இரத்தத்தை, சுமந்த காரணத்தாலேயே என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

அதன்பிறகு நடந்ததைத்தான் நீ கேட்கமாட்டேன் என்கிறாய். எனக்கு அதை எத்தனை தரம் சொன்னாலும் அலுக்காது. டொக்டர் பேனையை எடுத்துக்கொண்டு, வேறு சொந்தங்கள் யார் யார் என்று கேட்டார். தாய் தகப்பன் இல்லை. கூடப்பிறந்த ஒரு நானா, அவரும் மௌத்து. "அவருக்குப் பிள்ளைகள்?" என்று கேட்டார். நான் என்ன சொன்னேன்? "இல்ல" என்றேன். நீ என்ன செய்தாய்? "இல்லை" என்று சிங்களத்தில் சொன்னாய். மகனே, அதில் ஒரு பொய்யும் இல்லை. என் மனதில் நானாவுக்குப் பிள்ளை கிடையாது. எனக்குத்தான் ஒரு மகன் இருக்கிறான். உனக்கும் அப்படித்தான் பழகிப்போயிருந்தது. நான் போட்ட சட்டம் அவ்வளவு பலமாக வேலை செய்திருந்தது. நீ நனையாமல் இருக்கப் போட்ட கூரை, உள்ளே வெளிச்சமே விடவில்லை.

டொக்டர் பேனையை மூடினார். அப்போது உன் வாப்பா, வெற்றிலை இல்லாமல் வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர், மெதுவாகக் கேட்டார்: "அப்ப இவன் ஆர்ர மகன்?"

"என்ட மகன்" என்று நான் சீறினேன்.

"அது சரி. உன்ட நானாட மகன் தானே. உன்ட மருமகன் தானே டீ, நிஸ்தார்" என்றார்.

என் வீட்டில் அத்தனை வருடம் யாரும் சொல்லாத சொல். விளக்குமாறு கையில் இருந்திருந்தால் அவருக்கும் விழுந்திருக்கும். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். டொக்டர் என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், வாப்பா என்ன சொன்னார் என்று உன்னிடம் கேட்டார். "சொல்லு மகன்" என்றேன். நீ சொன்னாய். அவர் பேனையைத் திரும்பத் திறந்தார். "ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை?" என்று கேட்டார். அதற்கு நம் வழக்கத்தைச் சிங்களத்தில் விளக்க நீ பட்ட பாட்டை நான் பார்த்தேன். பாலில் தொடங்கி, தோணிக்குப் போய், விளக்குமாறுவரை வந்துவிட்டாய். கடைசியில் அவர் கையைக் காட்டி நிறுத்தி, உன் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். நானாவின் பிள்ளைக்கும் எனக்கும் பாதி பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம், காசைச் சுண்டிப் போடுகிற மாதிரி என்றார்.

முடிவு வந்தபோது நீ டொல்பின் பார்க்கிற வெள்ளைக்காரரை ஏற்றிக்கொண்டு கடலில் நின்றாய். போன் எடுபடவில்லை. பர்வீன் கைக்குழந்தையோடு கரையில் காத்திருந்து, வள்ளம் தரை தட்டும் முன்பே கத்தினாளாம். நீ இறங்கி ஓடிவந்து, யாரைப் பிடிக்கிறோம் என்று தெரியாமல் ஒரு வெள்ளைக்காரியைக் கட்டிப்பிடித்துவிட்டாய் என்று கேள்வி. இதை முசலியில் சொல்லவேண்டாம். எனக்கு வார்ட்டில் செய்தி வந்தது. பாதி பொருந்துகிறது, உன் மறுபாதிக்கு எதிராக என் உடம்பில் ஒன்றும் இல்லை. ஏன் இருக்கும்? அந்த மறுபாதியை நான் சுமக்கவில்லையே. நான் கட்டிலில் இருந்தபடியே அல்லாஹ்வுக்கு ஷுக்ர் செய்தேன்.

இரத்தத்தில் கலங்களைப் பெருக்க உனக்கு ஊசி போட்ட நாட்களில் முதுகெலும்பும் இடுப்பும் உளைந்ததை நீ ஒருவரிடமும் சொல்லவில்லை. தாதிதான் சொன்னாள், நடக்கும்போது கிழவன் மாதிரிச் சுவரைப் பிடிக்கிறான் என்று. பிறகு ஒரு நாள் முழுக்க உன் ஒரு கையால் இரத்தம் வெளியே போய், மெஷினுக்குள் சுற்றி, மறு கையால் உள்ளே வந்தது. வேண்டிய கலங்களை மட்டும் மெஷின் பிரித்து எடுத்துக்கொண்டது. கடைசியில் என் அறைக்கு வந்தது சின்னப் பை, தேசிக்காய்த் தண்ணீர் கட்டித் தருகிற பை அளவுதான். நிறம் மட்டும் வேறு. இவ்வளவுதானா என்று கேட்டேன். இவ்வளவுதான் என்றார்கள்.

ஆனால் அதோடு முடியவில்லை. கலங்களை ஏற்றிச் சில நாளில் திரும்பவும் கடும் மருந்து தந்தார்கள். நல்லாத்தானே ஏற்றினீர்கள், ஏன் திரும்ப நஞ்சு என்று கேட்டேன். பாதிதானே பொருத்தம், வந்தவற்றில் சில என் உடம்போடு சண்டைக்கு நிற்கும், அந்தச் சண்டைக்காரரை அடக்கத்தான் இந்த மருந்து, அமைதியானவை தப்பிக்கொள்ளும் என்று நீ கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் விளக்கினாய். கலியாண வீட்டுக்கு வந்து வம்பு வளர்க்கிறவர்களை வாசலோடு அனுப்புகிற மாதிரி. அந்த நாட்களில் காய்ச்சல் என்னைப் புரட்டிப் போட்டது. கலிமாவைச் சொல்லிக்கொண்டு படுத்த நாளும் உண்டு. கண்ணைத் திறக்கும்போதெல்லாம் கண்ணாடிக்கு அப்பால் நீ நின்றாய். நான் போய்விடுவேன் என்று உனக்குப் பயம். நான் போனால் உன் கலங்கள் தோற்றுவிட்டன என்று நீ நினைத்துவிடுவாயே என்பது எனக்குப் பயம். அதை வெளிப்படையாகச் சொல்கிறேன், மகனே. அந்த அறையில் நான் உயிருக்குக் கேட்ட துஆவில் பாதி, நீ அப்படி நினைத்துவிடக்கூடாது என்பதற்காகத்தான்.

அல்லாஹ் கேட்டான். உன் கலங்கள் என் எலும்புக்குள் வீடு கட்டிக்கொண்டன. தோலில் கொஞ்சநாள் தடிப்பும் அரிப்பும், அதற்கு மருந்து, அவ்வளவுதான். சிறுபிள்ளைக்குப் போடுகிற தடுப்பூசி எல்லாவற்றையும் எனக்குத் திரும்பவும் போடுகிறார்கள். பேத்தியும் நானும் ஒன்றாகக் கிளினிக்குக்குப் போகிறோம். அவள் அழுவதில்லை. நோய் திரும்பி வராது என்று யாரும் எழுதித் தரவில்லை. உன் கலியாணத்தில் நான் முகமூடி போட்டுக்கொண்டு ஓரமாகத்தான் இருப்பேன். மணமகனின் உம்மாவுக்கு என்ன குறை என்று யாரும் கேட்டால், "அவவுக்கு வயசு இப்பதான் குறைஞ்சு வருது" என்று சொல்.

கலியாணம் பேச வந்த அன்றைக்குப் பெண்ணின் மாமா ஒருவர் என்னைத் தனியாகக் கேட்டார், என்பு மச்சை கொடுத்த பையனுக்கு உடம்பில் பலம் குறையாதா, நாளைக்குப் பிள்ளைகுட்டி என்று வரும்போது ஏதும் சிக்கல் வருமா என்று. கோபப்படாதே, பெண்ணைக் கொடுக்கிறவர்கள் கேட்கத்தான் வேண்டும். கொடுத்ததெல்லாம் சில கிழமையில் திரும்ப ஊறிவிடும், கிணறு மாதிரி என்று டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவர் திருப்திப்பட்டார். பிறகு, "பையன்ட தாய் நீங்கதானே?" என்று சாதாரணமாகக் கேட்டார். அத்தனை வருடமும் கண்ணை மூடிக்கொண்டு ஓம் என்று சொன்ன கேள்வி. ஓம் என்றுதான் சொன்னேன், ஆனால் அது பாதிதான் பொருந்தியது. ஏனென்றால் அதற்கு முதல் நாள்தான் கிளினிக்கில் என் இரத்த வகையைத் திரும்பச் சோதித்திருந்தார்கள்.

நான் பிறந்ததிலிருந்து ஓ வகை. இப்போது பீ. உன் வகை. கலம் ஏற்ற இரத்த வகை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, பிறகு இப்படி மாறுவது வழமைதான், கலங்கள் முழுக்க உன்னுடையவை ஆகிவிட்டன, நல்ல செய்தி என்றார்கள். நான் அதைப் பெருமையாக வீட்டில் சொன்னேன். பர்வீன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள் அல்லவா, சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். "உம்மா, நீங்க ஓ. லொறி வாப்பாக்குக் கால் ஒப்பரேசன் செய்யக்க இரத்தம் தேடினமே, அவரும் ஓ. ஓவில இருந்து பீ வராது. இது மாமிட" என்றாள்.

நான் முதலில் விளங்கிக்கொள்ளவில்லை. எந்த மாமி என்று கேட்டேன். அவள் சுளகைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து இருந்தாள். உன் கலங்களில் பாதி எங்கள் குடும்பத்தினுடையது, அதுதான் என்னோடு பொருந்தியது. மற்றப் பாதி உன்னைப் பெற்றவளுடையது. பொருந்தாத பாதி என்று டொக்டர் சொல்லிக்கொண்டே இருந்தாரே, அடக்க வேண்டிய பாதி என்றாரே, அது பரீதா. முகாமில் ஈர மணலில் பாயில் கிடந்து, என்னைப் பார்த்து, பக்கத்தில் கிடந்த உன்னைப் பார்த்து, கண்ணை மூடியவள். அவளுடைய பிள்ளைக்கு நான் பால் கொடுத்தேன், நான்தான் அவளுக்குச் செய்தேன் என்று இத்தனை காலமும் மனதில் ஒரு பெரியதனம் வைத்திருந்தேன். அவள் பெயரை உன்னிடம் அதிகம் சொல்லக்கூட இல்லை. சொன்னால் நீ என்னிடமிருந்து கொஞ்சம் போய்விடுவாயோ என்று பயம். இன்றைக்கு என் நாடியைப் பிடித்தால் அடிக்கிறது அவளுடைய இரத்தம்.

அன்றைக்கு நான் அழுத அழுகையைப் பார்த்து உன் வாப்பா டொக்டருக்குப் போன் எடுக்கப் போய்விட்டார். அவரைத் தடுத்துவிட்டு, நானாவின் பழைய பெட்டியில் இருந்த உன் தாயின் தலைத்துணியை எடுத்துப் பர்வீனிடம் கொடுத்தேன். அதை உனக்குத் தருவாள். கலியாணத்தில் தாயின் பெயரைக் கேட்டால் பரீதா என்று சத்தமாகச் சொல். முசலியில் யார் யாருக்கு என்ன முறை என்று உன் மனைவியிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுப் படித்துக்கொள். சொந்தத்துக்கு ஒரு பெயர் போதாது, இருக்கிற பெயர் எல்லாம் வைத்துக்கொள். பாலால் நான் உம்மா, வாப்பா வழியில் மாமி, இரண்டும் உண்மை. இன்றைக்கு வரைக்கும் ஒன்றை மறைத்து ஒன்றைக் காப்பாற்றினேன். இனி அது தேவையில்லை.

வெள்ளிக்கிழமை போகுமுன் பரீதாவை அடக்கிய மையவாடிக்குப் போ. பெண்பிள்ளைகள் உள்ளே போவதில்லை, நான் வீதியில் ஓட்டோவில் இருப்பேன். முகாமில் முதல் வந்த மழையில் அடக்கியவர்கள் எல்லோரும் வேலிப் பக்கம்தான். அவளுக்குத் தலைமாட்டில் மீசான் கல் இல்லை, கிழக்குப் பக்கம் பூவரசுக்குக் கீழே என்று வாப்பா காட்டுவார். சலாம் சொல்லு, யாசீன் ஓது. பிறகு என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றாயானால், இதைச் சொல்லு: "உம்மா, உங்கட மதினி நல்லா இரிக்கிறா. உங்கட இரத்தத்திலதான் இரிக்கிறா."

உன்னை மடியில் போட்டவள்.